சலவை இயந்திரம் எத்தனை ஆண்டு உழைக்கும்? ஒரு வரலாற்றுப் பார்வை

பேச்சு வழக்கில் வாஷிங் மெஷின் எனப்படும் சலவை இயந்திரம், தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்களுக்குள் 1980களின் இறுதியில் நுழையத் தொடங்கியது. அன்று வாங்கியவை பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடின என்றும், இன்று வாங்குபவை ஏழெட்டு ஆண்டுகளில் முடங்கிவிடுகின்றன என்றும் வீட்டுக்கு வீடு பேசப்படுகிறது. இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது, அதற்குக் காரணங்கள் யாவை, உலக நாடுகள் என்ன நடவடிக்கை எடுத்துள்ளன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. உள்ளூர் நிலைமைக்கு எடுத்துக்காட்டாகத் திருவண்ணாமலை நகரம் கொள்ளப்பட்டுள்ளது.

இயந்திரத்திற்கு முன்

இயந்திரம் வருவதற்கு முன் துணி துவைக்கும் வேலை இரண்டு இடங்களில் நடந்தது. ஒன்று, வீட்டுக் கிணற்றடி அல்லது குளக்கரையில் இருந்த துவைக்கல். மற்றொன்று, ஊர்த் துணிகளை வாங்கிச் சென்று வெளுத்துத் தரும் சலவைத் தொழிலாளர்களின் துறை. அவர்கள் உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணியை ஊற வைத்து, பெரிய பானையின் மேல் அடுக்கி ஆவியில் வேக வைத்தனர். இதற்கு வெள்ளாவி வைத்தல் என்று பெயர். சவர்க்காரக் கட்டியும் பின்னர் சலவைத் தூளும் பரவிய பிறகு இம்முறை மெல்ல மறைந்தது. இந்தியாவில் சர்ஃப் தூள் 1959இல் அறிமுகமானது. 1969இல் தொடங்கிய நிர்மா, விலை குறைந்த தூளை எளிய குடும்பங்களுக்கும் கொண்டு சேர்த்தது.

வீட்டுத் துவைப்பு பெரும்பாலும் பெண்களின் உழைப்பாகவே இருந்தது. நீர் இறைத்தல், ஊற வைத்தல், அடித்துத் துவைத்தல், அலசுதல், முறுக்கிப் பிழிதல், உலர்த்துதல் என ஒரு குடும்பத்தின் துணிக்கு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் செலவாகும். தோள்வலியும் இடுப்புவலியும் அதனுடன் வரும். எனவே இயந்திரம் பழுதாகி மூலையில் நின்றுவிட்டால், இந்த உழைப்பு மீண்டும் வீட்டுப் பெண்கள் மேல் விழுகிறது.

உலகில் சலவை இயந்திரத்தின் தோற்றம்

துவைக்கும் கருவிகளுக்கான முயற்சி மிகப் பழையது. இங்கிலாந்தில் 1691இலேயே இவ்வகைக் கருவிக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த சமய அறிஞர் ஜேக்கப் கிறிஸ்டியன் ஷேஃபர், 1767இல் தம் துவைக்கும் பொறி பற்றி நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிங் என்பவர் 1851இல் உருளை வடிவ இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். இவை எல்லாம் கையால் சுற்றப்பட்டவை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்மோட்டார் பொருத்திய இயந்திரங்கள் வந்தன. சிகாகோவின் ஹர்லி நிறுவனம் தயாரித்த தோர் என்பது அவற்றில் புகழ் பெற்றது. அதன் வடிவமைப்புக்கு ஆல்வா ஃபிஷர் 1910இல் காப்புரிமை பெற்றார். 1937இல் பென்டிக்ஸ் நிறுவனம், நீர் நிரப்புதல் முதல் பிழிதல் வரை தானாகவே செய்யும் இயந்திரத்தை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. அதிர்வைத் தாங்கும் அமைப்பு அதில் இல்லாததால், அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது.

அக்கால நிறுவனங்கள் உழைப்பையே பெருமையாகச் சொல்லி விற்றன. மேடேக் என்ற அமெரிக்க நிறுவனம் 1967இல் தொடங்கிய விளம்பரத் தொடரில், தம் இயந்திரங்கள் பழுதாவதே இல்லை என்பதால் பழுதுபார்ப்பவர் வேலையின்றித் தனிமையில் வாடுவதாகக் காட்டப்பட்டது. அந்த நிறுவனத்தை வேர்ல்பூல் 2006இல் வாங்கியது. அயோவா மாநிலத்தின் நியூட்டன் நகரில் இருந்த அதன் பழைய தொழிற்சாலை 2007இல் மூடப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு வந்த வரலாறு

1980களின் பிற்பகுதியில் வீடியோகான் நிறுவனம் இந்தியாவில் சலவை இயந்திரங்களைப் பரவலாக விற்கத் தொடங்கியது. தொலைக்காட்சி விளம்பரங்கள் வழியாக அது சிற்றூர்களுக்கும் அறிமுகமானது. அதே காலத்தில் டி.வி.எஸ். குழுமமும் அமெரிக்காவின் வேர்ல்பூல் நிறுவனமும் கூட்டாகப் புதுச்சேரியில் சலவை இயந்திரத் தொழிற்சாலை அமைத்தன. இந்தியாவில் வேர்ல்பூலின் முதல் தொழிற்சாலை இதுவே. திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஊர் என்று சொல்லத்தக்க தொலைவில் அது அமைந்ததால், வட தமிழக வீடுகளில் டி.வி.எஸ். வேர்ல்பூல் என்ற பெயர் எளிதில் பழகியது. 1995இல் கூட்டு நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வேர்ல்பூல் வாங்கியது. அதே ஆண்டில் கெல்வினேட்டர் ஆஃப் இந்தியாவையும் வாங்கி, அடுத்த ஆண்டு இரண்டையும் இணைத்தது.

கொல்கத்தாவில் 1974இல் தொடங்கிய ஐ.எஃப்.பி. நிறுவனம், ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1990 வாக்கில் முன்பக்கக் கதவுள்ள முழுத் தானியங்கி இயந்திரங்களைத் தயாரித்தது. பி.பி.எல். நிறுவனமும் இத்துறையில் இறங்கியது. 1991இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்ட பின் கொரிய நிறுவனங்கள் வந்தன. சாம்சங் 1995இலும் எல்.ஜி. 1997இலும் இந்தியச் சந்தையில் நுழைந்தன. சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் சலவை இயந்திரங்களும் தயாராகின்றன. பாஷ் குழுமமும் சென்னைக்கு அருகே 2014இல் சலவை இயந்திரத் தொழிற்சாலை தொடங்கியது.

வெளியூரிலிருந்து வரும் பொருளாக இருந்த சலவை இயந்திரத்தை, இவ்வாறு தமிழ்நாடே தயாரித்து அனுப்பும் நிலை முப்பது ஆண்டுகளுக்குள் உருவானது. போட்டி பெருகியதால், வருமானத்தோடு ஒப்பிடுகையில் விலையும் குறைந்தது. 1990களின் தொடக்கத்தில் ஓர் ஆசிரியர் பல மாதச் சம்பளத்தைச் சேர்த்துத்தான் சலவை இயந்திரம் வாங்க முடியும். இன்று அதே பணியில் இருப்பவர் ஒரு மாதச் சம்பளத்துக்குள்ளேயே எளிய வகை ஒன்றை வாங்கிவிடலாம். உழைப்புக் காலம் பற்றிப் பேசும்போது இந்த விலை மாற்றத்தை மறந்துவிடக் கூடாது.

பழைய இரட்டைத் தொட்டி இயந்திரத்தின் அமைப்பு

முதலில் பரவியவை செமி ஆட்டோமேட்டிக் எனப்படும் இரட்டைத் தொட்டி இயந்திரங்கள். ஒரு தொட்டி துவைக்க, மற்றொன்று பிழிய. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார் உண்டு. துவைக்கும் பக்கம் மோட்டாரிலிருந்து பெல்ட் வழியாக அடியில் உள்ள சுழல் தட்டு இயங்கும். பிழியும் பக்கம் மோட்டாரின் தண்டே கூடையைச் சுழற்றும். மூடியைத் திறந்தால் பிரேக் பிடிக்கும். கடிகாரம் போல முறுக்கிவிடும் இரண்டு டைமர்களே கட்டுப்பாட்டுக் கருவிகள். மின்னணுப் பலகை எதுவும் கிடையாது.

இந்த அமைப்பில் பழுதாகக்கூடிய பொருள்கள் எண்ணிச் சொல்லும் அளவுக்குக் குறைவு. பெல்ட், கப்பாசிட்டர், டைமர், பிரேக் கம்பி, பிழியும் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், நீர் வெளியேற்றும் குழாய் அடைப்பு. இவற்றில் பலவும் எல்லா நிறுவன இயந்திரங்களுக்கும் ஏறக்குறைய பொதுவானவை. பின்பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினால் எல்லாம் கண்முன் தெரியும். மிக்சி, மின்விசிறி பழுதுபார்க்கத் தெரிந்தவர் இதையும் பழுதுபார்த்துவிடுவார். மோட்டார் எரிந்தால் செப்புக் கம்பி சுற்றித் தரும் காயில் கடைக்குக் கொண்டு போனால் போதும்.

எனவே, பழைய இயந்திரம் இருபது ஆண்டு ஓடியது என்று சொல்லும்போது, அது பழுதாகாமலே ஓடியது என்று பொருள் கொள்ளக் கூடாது. பலமுறை பழுதாகி, ஒவ்வொரு முறையும் சிறு செலவில் சரி செய்யப்பட்டு ஓடியது என்பதே சரி.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு நல்ல சான்று உண்டு. கோயம்புத்தூரில் 1950களில் உருவாகிப் பின்னர் புவிசார் குறியீடும் பெற்ற வெட் கிரைண்டர், இன்றும் கல், பாத்திரம், பெல்ட், மோட்டார் எனத் தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாகவே உள்ளது. தாயின் கிரைண்டரை மகள் பயன்படுத்தும் வீடுகள் இன்றும் உண்டு.

என்ன மாறியது?

1. மூடிய தொட்டியும் பேரிங்கும்

முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தில் துருப்பிடிக்காத எஃகாலான உருளை படுக்கைவாட்டில் சுழல்கிறது. அது பின்பக்கத்தில் மட்டுமே தாங்கப்படுகிறது. உருளையின் பின்னால் சிலந்தி போன்ற மூன்று கை கொண்ட அலுமினிய உலோகக் கலவைத் தாங்கி இருக்கும். அதன் தண்டு இரண்டு பேரிங்குகளில் சுழலும். தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் தடுக்கும்.

ரப்பர் தேய்வது இயல்பு. தேய்ந்தால் நீர் கசிந்து பேரிங் துருப்பிடித்து, பிழியும்போது பேரிரைச்சல் எழும். பழைய வகைகளில் வெளித்தொட்டி இரண்டு பாதிகளாகத் திருகு போட்டு இணைக்கப்பட்டிருந்தது. கழற்றிப் புதிய சீலும் பேரிங்கும் போடலாம். பிற்கால வகைகள் பலவற்றில் பிளாஸ்டிக் தொட்டியின் இரு பாதிகளும் உருக்கி ஒட்டப்படுகின்றன. இதனால் தயாரிப்பு வேகமாகிறது, செலவு குறைகிறது, கசிவும் குறைகிறது. ஆனால் சில நூறு ரூபாய் பெறும் பேரிங் கெட்டால், உருளையோடு சேர்த்து முழுத் தொட்டியையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டவுடன் பலரும் புது இயந்திரம் வாங்கிவிடுகின்றனர்.

2. மின்னணுப் பலகை

1990இல் ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனம், துணியின் அளவையும் அழுக்கையும் கணித்துத் தானே முடிவு செய்யும் ஃபஸி லாஜிக் முறையைச் சலவை இயந்திரத்தில் கொண்டு வந்தது. அதன் பின் முறுக்கும் டைமர் மறைந்து, மின்னணுப் பலகை எல்லாவற்றையும் இயக்கத் தொடங்கியது. இதனால் நீரும் மின்சாரமும் மிச்சமாயின. ஆனால் பலகையில் ஒரு சிறு உறுப்பு எரிந்தாலும் இயந்திரம் முழுதும் நின்றுவிடும். ஈரம் புகாதிருக்கப் பலகை மீது பிசின் ஊற்றி மூடப்படுவதால், அந்த ஒரு உறுப்பை மட்டும் மாற்றுவது கடினம். ஒவ்வொரு மாடலுக்கும் பலகை வேறு. மாடல் நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் ஆனால் பலகை கிடைப்பதும் அரிதாகிறது.

3. சுழற்சி வேகம்

தொடக்ககால முன்கதவு இயந்திரங்களின் உருளை நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளே சுழன்றது. இன்றைய இயந்திரங்கள் 1,000 முதல் 1,400 சுற்றுகள் வரை சுழல்கின்றன. இயற்பியல் விதிப்படி, சுழலும் பொருளின் மீதான விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதாவது 700 சுற்று 1,400 சுற்றானால் விசை இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. துணி ஒருபுறமாகச் சேர்ந்துவிட்டால் அந்த விசை முழுதும் பேரிங்கையும் தாங்கியையும் ஒரே பக்கமாக இழுக்கும். துணி சீக்கிரம் உலர்கிறது என்ற வசதிக்கு இயந்திரம் தரும் விலை இது.

4. பொருள் சிக்கனம்

தடித்த தகடு மெலிந்தது. உலோகப் பாகங்கள் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்தது. விலை குறைந்த மோட்டார்களில் செப்புக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றப்படுகிறது. பிளாஸ்டிக் தொட்டி துருப்பிடிக்காது என்பது உண்மையான நன்மை. பழைய இரும்பு உடல் இயந்திரங்கள் பல, மோட்டார் நன்றாக இருந்தும் அடித்தகடு துருவேறியே வீணாயின.

திருவண்ணாமலையில் நீரும் மின்சாரமும்

எந்த இயந்திரமும் அது நிற்கும் ஊரின் நீரையும் மின்சாரத்தையும் பொறுத்தே உழைக்கிறது. திருவண்ணாமலை கடினப் பாறைப் பகுதியில் அமைந்த ஊர். நகருக்குத் தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து குடிநீர் வருகிறது. ஆனால் துவைக்கவும் புழங்கவும் பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியுள்ளன. பாறை இடுக்குகளிலிருந்து வரும் நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருப்பது வழக்கம். இதையே கடின நீர் என்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கப்படுகிறது.

கடின நீரில் நுரை வராது. நுரை வரவில்லை என்று தூளை அள்ளிப் போடுவோம். உப்பும் கரையாத தூளும் சேர்ந்து தொட்டியின் பின்புறத்தில் படியும். வெந்நீர்க் கம்பியின் மேல் சுண்ணாம்பு போல் படிந்து அதை எரித்துவிடும். எஃகு உருளையும் அலுமினியத் தாங்கியும் ஈரத்தில் ஒட்டி நிற்பதால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியம் மாவுபோல் உதிரும். பழைய இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் இந்தப் படிவைக் கண்ணால் பார்த்துத் தேய்த்துக் கழுவலாம். புதியதில் அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் படிகிறது.

மின்சாரமும் அப்படியே. வீட்டு இணைப்பின் அழுத்தம் 230 வோல்ட்டாக இருக்க வேண்டும். 2008 முதல் 2014 வரை மாநிலம் கடும் மின்வெட்டைச் சந்தித்தது. மின்சாரம் போய்த் திரும்பும் நேரத்தில் அழுத்தம் திடீரென உயரும். செப்பு மோட்டார் அதைத் தாங்கிக்கொள்ளும், மின்னணுப் பலகை தாங்காது.

இக்கட்டுரையாளர் வீட்டு வரலாறு இதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. 1992இல் வாங்கிய இரட்டைத் தொட்டி இயந்திரம் 2013 வரை ஓடியது. அந்த 21 ஆண்டுகளில் பெல்ட் மூன்று முறையும், டைமர் ஒரு முறையும், ரப்பர் சீல் இரண்டு முறையும் மாற்றப்பட்டன. எல்லாம் ஒரே மெக்கானிக் வீட்டுக்கு வந்து செய்தவை. அடுத்து வாங்கிய முன்கதவு இயந்திரம் ஆறாம் ஆண்டில் இரைச்சலிட்டது. அதே மெக்கானிக் வந்து பார்த்தார். "சார், பேரிங்தான் போயிருக்கு. ஆனா டப்பைப் பிரிக்க முடியாது, ஒட்டி வெச்சிருக்காங்க. முழு டப்பு போட்டா புது மெஷின்ல பாதி விலை ஆயிடும்" என்றார். மோட்டாரும் பலகையும் நன்றாக இருந்த அந்த இயந்திரம் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போனது. அன்று அவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். இப்போது அவர் ஏ.சி. பொருத்தும் வேலைக்குப் போகிறார்.

கிரிவலத்திற்கு வருவோர் தங்கும் விடுதிகளின் விரிப்புகளையும் துண்டுகளையும் துவைக்கும் பெரிய வணிகச் சலவை இயந்திரங்களைப் பார்த்தால் வேறு உண்மை புலப்படும். வீட்டு இயந்திரத்தைவிடப் பல மடங்கு வேலை செய்யும் அவற்றின் பேரிங் வெளிப்புறமாகவே கழற்றி மாற்றும்படி அமைக்கப்படுகிறது. அதாவது நீண்ட நாள் உழைக்கும்படி செய்யும் அறிவு தொழில்துறையிடம் இன்றும் உள்ளது. விலை உயர்ந்த வணிகப் பொருளுக்கு அது பயன்படுகிறது, விலைப் போட்டியில் சிக்கிய வீட்டுப் பொருளுக்குப் பயன்படுவதில்லை.

ஆய்வுகள் கூறுவன

பழையதெல்லாம் நல்லது என்று எண்ணுவதில் ஒரு பிழை உண்டு. 1992இல் வாங்கி மூன்றாம் ஆண்டே பழுதான இயந்திரங்கள் இன்று நம் கண்ணில் படுவதில்லை. தப்பிப் பிழைத்தவை மட்டுமே தெரிகின்றன. எனவே நினைவுகளை மட்டும் நம்பாமல் ஆய்வுகளையும் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் மத்தியச் சுற்றுச்சூழல் முகமைக்காக ஓகோ நிறுவனமும் பான் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. பெரிய வீட்டு மின்கருவிகளின் சராசரிப் பயன்பாட்டுக் காலம் 2004இல் 14.1 ஆண்டாக இருந்து, 2012 வாக்கில் 13 ஆண்டாகக் குறைந்தது என அது கண்டது. பழுதானதால் ஐந்து ஆண்டுக்குள் மாற்றப்பட்ட கருவிகளின் பங்கு 3.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாக உயர்ந்தது. மாற்றப்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நன்றாக இயங்கிக்கொண்டிருந்தபோதே மாற்றப்பட்டவை என்பதையும் அதே ஆய்வு சுட்டியது.

நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அண்மைக்கால ஆய்வு இன்னும் நீண்ட காலத்தைக் கணக்கில் கொண்டது. அங்கு சலவை இயந்திரத்தின் ஆயுள் 19.2 ஆண்டிலிருந்து 10.6 ஆண்டாகக் குறைந்துள்ளது. சமையல் அடுப்புகளின் ஆயுளும் குறைந்துள்ளது. ஆனால் குளிர்பதனப் பெட்டி போன்ற பிறவற்றில் அத்தகைய பெரிய வீழ்ச்சி இல்லை. சலவை இயந்திரத்தின் ஆயுள் குறைந்ததற்கு, குடும்பங்கள் முன்பைவிட அதிக முறை துவைப்பதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இது நமக்கும் பொருந்தும். முன்பு இயந்திரம் இருந்தும் வேட்டி, சேலை, பள்ளிச் சீருடைக் கழுத்துப்பட்டை ஆகியவற்றைக் கையால் துவைத்தோம். வாரம் இரண்டு மூன்று முறையே இயந்திரம் ஓடியது. இப்போது பல வீடுகளில் நாள்தோறும் ஓடுகிறது. ஆண்டுக் கணக்கில் ஆயுள் குறைந்தாலும், மொத்தத் துவைப்புகளின் எண்ணிக்கையில் அதே அளவு குறைவு இருக்காது. மக்கள் பேச்சு முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று என்பது இதனால் விளங்கும்.

திட்டமிட்ட காலாவதி

நிறுவனங்கள் வேண்டுமென்றே சீக்கிரம் கெடும் பொருள்களைச் செய்கின்றன என்ற குற்றச்சாட்டு பழையது. இதற்கு உண்மையான முன்னுதாரணம் உண்டு. 1924இல் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்து, குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாக வரையறுத்தன. அதற்கு மேல் எரியும் பல்பு செய்த உறுப்பு நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் அந்தக் கூட்டணியைக் கலைத்தது. 1932இல் பெர்னார்ட் லண்டன் என்ற அமெரிக்கர், பொருளாதார மந்தத்தைப் போக்கப் பொருள்களுக்கு அரசே ஆயுள் குறிக்கலாம் என்று சிறு நூல் எழுதினார். 1960இல் வான்ஸ் பேக்கார்ட் எழுதிய நூல், இந்த வீணடிப்புப் போக்கைக் கண்டித்துப் புகழ் பெற்றது.

சலவை இயந்திரத் துறையில் பல்பு போன்ற கூட்டுச் சதி நடந்ததாக நிறுவப்படவில்லை. அங்கு நடந்தது விலைப் போட்டி. கடையில் நிற்கும் வாடிக்கையாளர் விலை, கொள்ளளவு, நட்சத்திரக் குறியீடு ஆகியவற்றை ஒப்பிடுகிறார். தொட்டியைப் பிரிக்க முடியுமா என்று கேட்பவர் அரிது. கேட்கப்படாத தகுதி மெல்ல மறைகிறது.

சட்டங்களும் நடவடிக்கைகளும்

பிரான்ஸ் 2015இல் திட்டமிட்ட காலாவதியைக் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டுச் சிறையும் 3 லட்சம் யூரோ தண்டமும் விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. 2021 முதல் முன்கதவுச் சலவை இயந்திரம் உள்ளிட்ட பொருள்களின் மீது, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுக் காட்ட வேண்டும் என்றும் அந்நாடு விதித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரு மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். கேட்ட 15 வேலை நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். ஆனால் உருளை, தாங்கி, பேரிங் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்தே விற்கலாம் என்ற சலுகையும் அவ்விதியில் உள்ளது. மூடிய தொட்டி தொடர்வதற்கு இது இடமளிக்கிறது.

இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, இதற்கான இணையவாயில் தொடங்கப்பட்டது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதில் அடங்கும். எனினும் உதிரிப் பாகங்களை இத்தனை ஆண்டு தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஐரோப்பா போன்ற விதி இங்கு இல்லை. மின்னணுக் கழிவு விதிகள் 2012 முதல் சலவை இயந்திரத்துக்கும் பொருந்தும். 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. அவை கழிவான பின் என்ன செய்வது என்பதையே முதன்மையாகப் பேசுகின்றன.

குறையுள்ள பொருள் குறித்து 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வழக்கு எழக் காரணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

• பத்து ஆண்டு உத்தரவாதம் என்ற விளம்பரம் பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே. அடிக்கடி கெடுபவை பலகை, சீல், பேரிங் ஆகியவை. அவற்றுக்கு எத்தனை ஆண்டு என்று எழுத்தில் பார்க்க வேண்டும்.
• பேரிங்கைத் தனியாக மாற்ற முடியுமா, தொட்டி திருகு போட்டதா, ஒட்டியதா என்பதை வாங்கும் முன்பே ஊரில் உள்ள மெக்கானிக்கிடம் கேட்பது நல்லது.
• நாள்தோறும் துவைக்கும் தேவையும் குறைந்த செலவும் முதன்மையானால், இரட்டைத் தொட்டி இயந்திரம் இன்றும் தக்க தேர்வு. அது இன்னமும் விற்பனையில் உள்ளது.
• கடின நீர் உள்ள வீடுகளில் தூளைக் குறைத்து, உப்புப் படிவை நீக்கும் பொருளைக் குறித்த இடைவெளியில் பயன்படுத்த வேண்டும்.
• கொள்ளளவு முழுவதையும் நிரப்பக் கூடாது. ஒரே ஒரு கனமான போர்வையை மட்டும் போட்டு வேகமாகப் பிழியவும் கூடாது.
• துவைத்து முடித்ததும் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும்.

முடிவுரை

சலவை இயந்திரத்தின் ஆயுள் குறைந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. அதிகப் பயன்பாடு, அதிக வேகம், மெலிந்த பொருள், மின்னணுப் பலகை ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பழைய இயந்திரத்துக்கும் புதியதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, அதைத் திறக்க முடியுமா என்பதே. பேரிங் அன்றும் கெட்டது, இன்றும் கெடுகிறது. அன்று அதை மாற்றினார்கள், இன்று இயந்திரத்தை மாற்றுகிறார்கள். இந்த மாற்றத்தால் ஒரு குடும்பம் சேமிப்பை இழக்கிறது, ஒரு மெக்கானிக் தொழிலை இழக்கிறார், ஊர் ஒரு குப்பை மேட்டைப் பெறுகிறது.

புதுச்சேரியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சலவை இயந்திரங்கள் உருவாகும் காலம் இது. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பயிலும் நம் மாணவர்களில் சிலர் நாளை அந்த வடிவமைப்பு மேசைகளில் அமர்வார்கள். இரண்டு பாதித் தொட்டிகளையும் ஒட்டுவதா, திருகு போடுவதா என்று அவர்கள் எடுக்கும் சிறு முடிவில் பல வீடுகளின் செலவும் உழைப்பும் அடங்கியிருக்கின்றன.